அபயாம்பாள் கட்டிய கழிப்பறை

அபயாம்பாள் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்பாள். அவசரம் ஒன்றும் இருக்காது. ஓட்டலில் இலை போடுவதற்கு முன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எழுந்திருங்கோ, வேற எடத்துக்குப் போகலாம்" என்று குடும்பத்தையே கிளப்பியிருக்கிறாள். கணவர் வெங்கடரமணன் பசியோடு பின்னால் நடப்பார். வாசலில் பளிங்கு யானை நிறுத்தி வைத்திருப்பவனின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால், பின்பக்கம் அவன் வேலைக்காரர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி. அப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு இந்த ஊர்மேல் பாதி அருவருப்பு வந்துவிட்டது. மீதிப் பாதி அவளுடைய தொழிலால் வந்தது.

அவள் தொழில் கட்டடக்கலை. மயிலாப்பூரில் அவள் அம்மா அக்கம்பக்கத்தில், "எங்காத்துப் பொண்ணு ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லிக்கொள்வாள். ஆர்க்கிடெக்ட் என்ன வரைகிறாள் என்று யாராவது மேற்கொண்டு கேட்டுவிட்டால் அம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது வைத்தது நினைவுக்கு வந்துவிடும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படித்துவிட்டுப் புதிதாக வந்து சேருகிற பிள்ளைகளிடம் முகப்பையோ மாடத்தையோ தர மாட்டார்கள். கழிப்பறையைத் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும், ஓடு எந்தச் சுவரிலிருந்து ஒட்டத் தொடங்க வேண்டும், கதவு திறந்தால் உட்கார்ந்திருப்பவர் முழங்காலில் இடிக்காமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் வரைந்து கை பழகிய பிறகு மெல்ல முன்கட்டுக்கு வரலாம். பையன்கள் ஒரு வருஷத்தில் வந்துவிடுவார்கள். அபயாவோ கழிப்பறையைப் பிரமாதமாக வரைந்துவிட்டாள். அவள் வரைந்த இடத்தில் தண்ணீர் தேங்காது, நாற்றம் நிற்காது, மேஸ்திரி போன் செய்து சந்தேகம் கேட்க மாட்டார். அப்படிப்பட்டவளை அங்கிருந்து எடுக்க யாருக்கு மனசு வரும்? அடையாறு காந்தி நகர் அலுவலகத்தில் இருபது வருஷம் ஓடிப்போயிற்று. அவளுக்குப் பின்னால் வந்த பையன்கள் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டார்கள். அவள் கழிப்பறையிலேயே இருந்தாள்.

அலுவலகம் ஸ்ரீரங்கனுடையது. பெரிய பெயர். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, மைக் கிடைத்தால் விடாத வாய். "கட்டடம் மூச்சு விடணும்" என்பது அவருடைய மந்திரம். கல்லூரிகளில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். முதல் சில வருஷம் அபயாவும் எழுதிக்கொண்டவள்தான்.

கொட்டிவாக்கத்தில் அவர் கட்டிய கடலோர வீடு பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நடுவில் வானம் பார்த்த குளம், சுற்றிலும் தேக்கு. வேலை முடிந்த பிறகு ஒரு குழாய் ஒழுகுகிறதென்று அபயாவை அனுப்பினார்கள். அன்றுதான் சமையல்காரப் பெண்ணுக்கு எது கழிப்பறை என்று அவள் பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கிடையாது, விளக்கும் கிடையாது. வீட்டு நாய்க்குக் கூரையில் மின்விசிறி இருந்தது. அவள் வரைந்து கொடுத்த அறையை ஸ்ரீரங்கன் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டிருந்தார், குளத்துக்கு இடம் பற்றவில்லையாம். கட்டடம் மூச்சு விட்டது, அந்தப் பெண்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அபயா தெருவுக்கு வந்து ஓரமாக நின்று காறித் துப்பினாள். பிறகு ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கே திரும்பிப் போனாள், வேறெங்கே போவது?

அப்புறம் தியாகராய நகர் வேலை வந்தது.

அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உஸ்மான் சாலையை ஒட்டி அவருக்கு ஒரு பழைய ஜவுளிக்கடை. அதை இடித்துவிட்டு, நகை, பாத்திரம் எல்லாம் சேர்த்து ஏழு மாடியில் பட்டு மாளிகை எழுப்ப வேண்டும். முகப்புக்கும் நடுக்கூடத்துக்கும் ஸ்ரீரங்கன். "டாய்லெட்டெல்லாம் அபயா பார்த்துப்பா" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கமான சிரிப்புதான். அபயா தன் வழக்கப்படி பழைய கடைக்குப் போய், வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டாள்.

சேலைப் பிரிவில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி. சங்கரன்கோவில் பக்கம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கண்ணுக்குக் கீழே ஐம்பது வயது. அவள் முதலில் சொல்லக் கூச்சப்பட்டாள்.

"எங்களுக்கு இங்க கெடையாதுக்கா. பின்னால சந்துல எங்க ஹாஸ்டல் இருக்குல்லா, அங்கதான் போணும். மாடிக்கு ஒரு டோக்கன். அது கையில இருந்தாத்தான் வெளிய விடுவாங்க. ஒருத்தி போயிட்டு வந்தாத்தான் அடுத்தவ போவ முடியும்."

"தீபாவளிக் கூட்டத்துல?"

"அன்னிக்குல்லாம் எங்க போவ? தண்ணியே குடிக்க மாட்டோம். காலைல ஒரு வாய் காப்பி, அம்புட்டுதான். எல்லாவளுக்கும் நீர்க்கடுப்பு இருக்கு. காய்ச்சல் வந்தா மாத்திரைய முழுங்கிட்டு நிப்போம்."

பட்டு விரிக்கும் கை, "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று சிரிக்கும் வாய், அடிவயிற்றில் எரிச்சல். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே போவதை அபயா பார்த்தாள். அவளே பல தடவை அப்படிப் போனவள்.

"புதுக் கடையில உங்களுக்குன்னு கட்டித் தரேன். என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு வாக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மாடிக்கு ஒன்று என்று வரைந்தாள். அய்யாதுரை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வச்சிருங்கம்மா, பிள்ளைங்க பாவம்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். முதலாளி ஒப்புக்கொண்டதை ஸ்ரீரங்கன் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் மாடியில் நகைப் பெட்டிகளின் வரிசை கெடுகிறது என்றார், எடுத்தார். இரண்டாவதில் மேலேயிருந்து விழும் வெளிச்சம் தடைபடுகிறது. மூன்றாவதில் சுவரில் கல் செதுக்கு வேலை வருகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஏழு மாடிக்கும் சேர்த்து நான்காம் மாடியில் ஒன்று மிஞ்சியது. அதையும் எடுக்க வந்தபோது அபயா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "சரி சரி, வெச்சுக்கோ. டாய்லெட்டுக்கா இவ்வளவு ரகளை?" என்று ஸ்ரீரங்கன் கையை உதறிக்கொண்டு போனார்.

மிஞ்சிய அந்த ஒன்றில் அவள் தன் இருபது வருஷத்தையும் கொட்டினாள். கிழக்குச் சுவர் முழுக்கச் சுட்ட செம்மண்ணில் சல்லடைத் துளைகள், வெளிச்சம் வரும், வெளியிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. முந்தானையை மாட்ட ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கொக்கி. நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. கை கழுவும் இடத்தில் கண்ணாடி, எதிரே சுவரோடு சுவராக ஒரு கல் பலகை. கடப்பாக் கல் வழவழப்பாக வரும்வரை மேஸ்திரியை விடவில்லை. இடத்துக்குச் சொந்தக்காரி போலத் தினமும் வந்து நின்றாள். முடிந்த அன்று தங்கபுஷ்பத்தை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள்.

"செருப்போட வா, இது சாமி ரூம் இல்ல."

"எங்க வீட்ல சாமி படம் இருக்க எடமே இம்புட்டு சுத்தமா இருக்காதுக்கா" என்றாள் தங்கபுஷ்பம்.

அங்கேதான் அபயா ஏமாந்தாள். வேறு தொழில்காரர்கள் நன்றாகச் செய்து கெட்டுப்போக மாட்டார்கள். ஏழைகளுக்கென்று கட்டுகிற ஆர்க்கிடெக்ட் மட்டும் கொஞ்சம் மோசமாகக் கட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அந்தச் சூட்சுமம் அவளுக்குத் தெரியவில்லை. கடை திறப்புக்கு முந்தின வாரம் அய்யாதுரையின் மகன் ராம்குமார் மனைவியோடு மாடி மாடியாகச் சுற்றினான். நான்காம் மாடிக் கதவைத் திறந்தான். மனைவி உள்ளே போய் வந்து, "இதையா ஸ்டாஃபுக்குக் குடுக்கப் போறீங்க?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் கதவில் 'முகூர்த்தப் பட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று பித்தளைப் பலகை ஏறியது. அபயா தேர்ந்தெடுத்த மரக்கதவில் இரும்புக் கொண்டியைத் திருகிப் பூட்டும் தொங்கவிட்டார்கள். பெரிய குடும்பம் வந்தால் மேலாளர் சாவியோடு ஓடி வருவார். பெண்களுக்குப் பழையபடி டோக்கன், பழையபடி சந்து. இப்போது ஏழு மாடி இறங்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். மகன் சொன்னதற்குப் பிறகு அய்யாதுரையும் வாயைத் திறக்கவில்லை.

அபயா ஸ்ரீரங்கனிடம் போய் நின்றாள்.

"அவா பணம், அவா கட்டடம். நாம என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். "நீ ஏன் அழறே? ஸ்டாஃப் டாய்லெட்டை விஐபி டாய்லெட்டா மாத்தற அளவுக்குப் பண்ணியிருக்கேன்னா அது காம்ப்ளிமென்ட். பாராட்டா எடுத்துக்கோ."

அவள் முகத்தில் யாரோ சாக்கடைத் தண்ணீரை வாரி அடித்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அன்று இரண்டு தடவை குளித்தாள்.

சில மாதம் கழித்து ஸ்ரீரங்கனே அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விபரீதம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்டடக்கலைக்காரர்கள் சங்கம் ஒன்று வருஷா வருஷம் கொடுக்கும் விருது. அதில் புதிதாகத் 'தொழிலாளர் நலனுக்கான வடிவமைப்பு' என்று ஒரு பிரிவு. நான்காம் மாடிக் கழிப்பறையை அதற்கு அனுப்பிவிட்டாராம்.

"உன் பேர்லதான் போட்டிருக்கேன். அபயாம்பாள்னு முழுப்பேர். நான் வெறும் ஆலோசகர்."

எதை வேண்டாம் என்று எடுத்து எறிந்தாரோ, எதற்கு இவ்வளவு ரகளையா என்றாரோ, அதே கழிப்பறை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அபயாவுக்கு அந்த மேஜைமேல் வாந்தி எடுக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அவள் எடுக்கவில்லை. இருபது வருஷத்தில் எந்தக் கட்டடத்திலும் அவள் பெயர் வந்ததில்லை, இதில் வரப்போகிறது. ஆசை யாரை விட்டது? அம்மாவிடம் சொன்னாள். அம்மா கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடுவர்கள் நேரில் பார்க்க வருகிற நாள் வந்தது. ஸ்ரீரங்கன் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். பித்தளைப் பலகையைக் கழற்றி மறைத்தார்கள். பூட்டை எடுத்தார்கள், கொண்டி மட்டும் கதவோடு இருந்தது. படம் எடுப்பதற்காக எலக்ட்ரீஷியன் கூடுதல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தான். புதுச் சீருடையில் நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்து உள்ளே நிறுத்தினார்கள். தங்கபுஷ்பமும் ஒருத்தி. ஒருத்தி கை கழுவ வேண்டும், ஒருத்தி கண்ணாடி பார்த்துப் பொட்டைச் சரிசெய்ய வேண்டும், இரண்டு பேர் கல் பலகையில் உட்கார்ந்து சிரித்துப் பேச வேண்டும். நடுவர்கள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ராம்குமார் சொல்லிக்கொடுத்தான்.

"ரொம்ப வசதியா இருக்கு மேடம்" என்று நால்வரும் ஒப்பித்தார்கள்.

"கொஞ்சம் சிரிச்சுண்டு சொல்லுங்கோ. தினம் வந்து போற எடம் மாதிரி இருக்கணும்" என்று ஸ்ரீரங்கன் திருத்தினார். பள்ளிக்கூட ஆண்டு விழா தோற்றுவிடும். அபயா சுவரைப் பார்த்து நின்றாள். இந்தக் கேவலத்துக்குத் தன் பெயரா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, பெயர் வேண்டுமே என்று இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது.

படம் எடுத்து முடிந்தது. நடுவர்களை அழைத்துவர ஸ்ரீரங்கனும் ராம்குமாரும் கீழே போனார்கள். தங்கபுஷ்பம் அபயாவின் பக்கத்தில் வந்தாள். சேலை மடிப்பைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, போட்டோ எடுத்தாச்சுல்லா?"

"ஆச்சு."

"அப்பம் நான் ஒரு தடவ உள்ள போயிக்கிடட்டுமா? காலைலேருந்து அடக்கிக்கிட்டே நிக்கேன்க்கா. அழுக்காக்க மாட்டேன், தண்ணி நல்லா ஊத்திருதேன்."

கழிப்பறைக்குள் படம் எடுக்க நிறுத்திய பெண்ணை அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த விட்டிருக்கவில்லை. நிறுத்திய யாருக்கும் அது தோன்றவில்லை. அபயாவுக்கும் தோன்றவில்லை. அவள் காது மடல் சுட்டது.

"போ" என்றாள். "முதல்ல நீ போ. மத்த மூணு பேரும் போங்கோ. அப்புறம் மாடில யாரெல்லாம் இருக்காளோ, எல்லாரையும் கூப்பிடு."

"எல்லாத்தையுமா?"

"ஏழு மாடியும்."

சொல்ல வேண்டியதுதான் தாமதம். சுடிதார்ப் பிரிவிலிருந்து, பாத்திரப் பிரிவிலிருந்து, கல்லாவிலிருந்து, படிக்கட்டு வழியாகப் பெண்கள் வந்தார்கள். வாடிக்கையாளர்கள் விரித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். வரிசை கண்ணாடிக் கைப்பிடியை ஒட்டி நீண்டு, பட்டுப் பாவாடை மாட்டிய பொம்மைகளையும் தாண்டிப் போயிற்று.

லிப்ட் திறந்தது. மூன்று நடுவர்கள், பின்னால் ஸ்ரீரங்கன், ராம்குமார். வரிசையைப் பார்த்ததும் ஸ்ரீரங்கன் ஒரு நொடி தடுமாறினார். ஒரே நொடிதான். மைக் பிடித்துப் பழகிய வாயாயிற்றே.

"பாருங்கோ, இதான் நாங்க சொன்னது. பயன்படுத்தறவாளும் வடிவமைப்புல ஒரு பங்கு. கட்டடம் அவாளோட சேர்ந்து மூச்சு விடறது."

"ப்யூட்டிஃபுல்" என்றார் ஒரு நடுவர். செல்போனை எடுத்து வரிசையைப் படம் பிடித்தார். இன்னொருவர் கையே தட்டிவிட்டார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள், தங்களுக்கு எதற்குக் கைதட்டல் என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சந்தில் நாறுகிற சாக்கடைகூட இவர்களைவிட யோக்கியம்.

நடுவர்களில் கோயம்புத்தூர்க்கார அம்மாள் ஒருத்தர் மட்டும் கைதட்டவில்லை. "தினமும் இவ்வளவு கூட்டமாங்க இருக்கும்?" என்று அபயாவைக் கேட்டார்.

ஸ்ரீரங்கன் அபயாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். இருபது வருஷமாக அவர் புன்னகைத்தால் அவள் தலையாட்டியிருக்கிறாள்.

"இல்ல" என்றாள் அபயா. "இன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ள போறா. இது எப்பவும் பூட்டியிருக்கும். முகூர்த்தப் பட்டு வாங்கறவாளுக்கு மட்டும்னு போர்டு இருக்கு, இப்ப கவுன்ட்டருக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கா. இவங்கள்லாம் டோக்கன் வாங்கிண்டு பின்னால சந்துக்குப் போறவங்க. இது பங்கும் இல்ல, மூச்சும் இல்ல. இவங்களுக்கு அவசரம், அதான் நிக்கறாங்க."

ராம்குமார் தொண்டையைக் கனைத்தான். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். அடுத்த வாரத்துலேருந்து ஸ்டாஃபுக்கே தொறந்து விடறதாத்தான் பிளான்."

அடுத்த வாரமாம். அபயா எலக்ட்ரீஷியனிடம் கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். கதவுக்குப் போய்க் கொண்டியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள். முதல் திருகு வழுக்கியது.

ஸ்ரீரங்கன் நெருங்கி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "என்ன பண்றே அபயா? உன் பேர்ல விருது வரப்போறது. இருபது வருஷத்துக்கப்புறம் உன் பேர்!"

"பேரை அடிச்சுடுங்கோ சார். பொய்ன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

"இந்த ஆபீஸ்ல உனக்கு..."

"வேண்டாம் சார். எனக்கு அந்த ஆபீஸும் குமட்டறது."

கடைசித் திருகும் வந்தது. கொண்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மரத்தில் நான்கு ஓட்டை இருந்தது, அதை அடைக்க ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பழக்கதோஷத்தில் நினைத்தாள். கைதட்டிய நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சண்டை எப்படியோ போகட்டும், வந்ததற்கு உள்ளே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றார். ஸ்ரீரங்கன் உடனே கதவில் கை வைத்தார்.

உள்ளேயிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. "அக்கா, நாங்க ஒரு நாலு பேரு சும்மா செத்த நேரம் உக்காந்துக்கிடுதோம்க்கா. காலைலேருந்து நின்ன காலு."

அபயா ஸ்ரீரங்கனின் கையை எடுத்துவிட்டாள். கதவை இழுத்துச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"உள்ள ஆள் இருக்கு சார்" என்றாள். "நீங்கள்லாம் வெளியில நில்லுங்கோ."